கலர் வேண்டாம் என்று சொல்லும் முன்

எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் குளிர்பானத்துக்குக் ‘கலர்’ என்றுதான் பெயர். விருந்தாளி வந்தால் கலர், வெயிலில் களைத்தால் கலர், பிள்ளை அழுதால் கலர். இதைக் குறைக்கச் சொல்லி மண்டபம், தொண்டி, கீழக்கரைப் பக்கம் ஊர் ஊராகப் போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நல்ல மனதோடு தொடங்கிய வேலை சில தவறுகளால் ஒரே மாதத்தில் படுத்துவிடுகிறது.

பெரிய தவறு, தண்ணீரைப் பற்றிப் பேசாமல் கலரைப் பற்றிப் பேசுவது. இங்கே பல இடங்களில் கிணறு தோண்டினால் உப்புத் தண்ணீர்தான். காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் குடம் குடமாகக் காசு கொடுத்து வாங்குகிறோம். கரையில் வலையைச் சரிசெய்துகொண்டிருப்பவருக்கும், கடல்பாசி எடுத்துவிட்டுக் கரையேறும் பெண்ணுக்கும் தாகமெடுத்தால் பக்கத்துக் கடையில் சில்லென்று கிடைப்பது கலர்தான். அவரிடம் போய் “சீனி கெடுதல்” என்றால் என்ன செய்வார்? மீன் ஏலம் போடும் இடத்திலும் பஸ் நிற்கும் இடத்திலும் பள்ளி வாசலிலும் நல்ல தண்ணீர் நிரம்பிய மண்பானை வேண்டும். தினமும் யார் நிரப்புவது, யார் கழுவுவது, காசு எங்கிருந்து வரும் என்பதை முடிவு செய்துவிட்டு அப்புறம் நோட்டீஸ் அடியுங்கள். இரண்டாம் வாரமே பானை காலியாகக் கிடந்தால் அடுத்த முறை நம் பேச்சை யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

அடுத்தது, இதை வெளிநாட்டுக் கம்பெனி எதிர்ப்பாக மாற்றிவிடுவது. 2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தது நினைவிருக்கும். அந்தக் கோபத்துக்கு வேறு நியாயங்கள் இருந்தன. ஆனால் அந்தப் பாட்டில் இருந்த இடத்தில் உள்ளூர் கலர் வந்து உட்கார்ந்தால் உடம்புக்கு என்ன லாபம்? பன்னீர் சோடா, ரோஸ் மில்க், நன்னாரி சர்பத் எல்லாவற்றிலும் அதே சீனிதான்.

பதநீர் விஷயத்தைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. சாயல்குடிப் பக்கம் பனை ஏறுகிறவர்களின் பிழைப்பு அது. எனக்கும் மிகவும் பிடிக்கும். ஆனாலும் அதில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கிறது, கிட்டத்தட்டக் கலர் அளவு. பருவத்தில் ஆசைக்கு ஒரு பனையோலைப் பட்டை குடிப்பது வேறு, சுகர் உள்ளவரிடம் “கலருக்குப் பதில் தினமும் இதைக் குடிங்க” என்று சொல்வது வேறு. கருப்பட்டி போட்டால் சுகர் ஏறாது என்பதும் தவறு. கலருக்கு மாற்று கேட்டால் மோர், நீராகாரம், நுங்கு என்று சொல்லுங்கள். உப்பு மட்டும் குறைவாக.

கணக்குச் சொல்லும்போது சறுக்குகிறவர்களும் உண்டு. பாட்டிலில் சர்க்கரை ‘10.6 கிராம்’ என்று இருந்தால் அது 100 மில்லிக்கு. 250 மில்லி பாட்டிலில் அது 26 கிராமைத் தாண்டிவிடும், ஆறு டீஸ்பூனுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. கிராம் யார் மனதிலும் நிற்காது. ஒரு டம்ளரில் சீனியை ஸ்பூன் ஸ்பூனாகப் போட்டுக் காட்டுங்கள். அதையும் பள்ளிக்கூடத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இரண்டு லிட்டர் பாட்டில் வாங்கி வீட்டுக்குக் கொண்டு வருவது பிள்ளைகள் இல்லை.

கூட்டம் போடும் நேரமும் முக்கியம். காலையில் கூப்பிட்டால் இரவு கடலுக்குப் போனவர் தூங்கிக்கொண்டிருப்பார், பெண்கள் ஏலத்தில் நிற்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் ஊரில் இருப்பார்கள், கோடையும் அதுதான். கீழக்கரை மாதிரி ஊர்களில் நோன்புக்கு முன்பே ஜமாத்தாரிடம் பேசுங்கள். நோன்பு திறக்கக் கஞ்சி இருக்கிறது, சர்பத் வேண்டுமானால் சீனியைப் பாதியாக்கலாம்.

விருந்தாளிக்குக் கலர் கொடுப்பதைக் கேலி செய்யாதீர்கள். அது அவர்கள் காட்டும் மரியாதை. “மோர் இருந்தா கொடுங்கக்கா” என்று நாமே கேட்டால் அவர்களுக்கும் மனம் நோகாது. கடைக்காரர் மேலும் பாயாதீர்கள். ஃபிரிட்ஜில் கண்ணுக்கு நேராக இருக்கும் தட்டில் தண்ணீரும் மோர் பாக்கெட்டும் வைக்கச் சொல்லிக் கேளுங்கள், முதல் வாரம் நாமே போய் வாங்குவோம்.

கடைசியாக, ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று யாரையும் பயமுறுத்தாதீர்கள். வயிற்றுப்போக்கு என்றால் சரியான ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) வேண்டும், அதில் சர்க்கரை இருந்தே ஆக வேண்டும். உலக சுகாதார நிறுவன அளவுப்படி இல்லாத பானங்களில் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பாக்கெட்டைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்குத் திடீரென வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் சுகர் இறங்கியிருக்கலாம். அந்த நேரத்தில் அரை டம்ளர் கலர் அவருக்கு மருந்து. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108க்கு அழைக்க வேண்டும். இதையும் அதே கூட்டத்தில், அதே அழுத்தத்தோடு சொல்லுங்கள்.