இத்தாலியப் பூட்டனைத் தேடுகிறவர்களுக்கு

இத்தாலியில் முன்னோரைத் தேடப் போகிறீர்களா? முதலில் ஊரைப் பிடியுங்கள். மாகாணம் தெரிந்தால் போதாது, "சிசிலிப் பக்கம்" என்பது போதவே போதாது. பிறப்பு, கலியாணம், இறப்பு மூன்றையும் இங்கே பதிவது கொமூனே எனப்படும் ஊர்ச்சபை. பழைய பதிவுகளுக்கு நாடு முழுவதற்கும் சேர்த்து ஒரே பெயர்ப்பட்டியல் என்று எதுவும் இல்லை. ஊர் தெரியாமல் குடும்பப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் யாரோ ஒருவருடைய பூட்டனை உங்கள் பூட்டன் என்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவீர்கள்.

நான் சிசிலியின் தலைநகரான பலெர்மோவில் இருக்கிறேன். கணவர் இந்தப் பக்கத்துக்காரர், தெர்மினி இமெரேசே என்ற கடலோர ஊர். அவருடைய பூட்டனின் தம்பி நியூ ஓர்லியன்சுக்குக் கப்பல் ஏறியவர். அந்த வழிப் பிள்ளைகள் குடும்ப விவரம் கேட்டு எழுதியபோது மாமி கடிதத்தை என் கையில் தந்து, "உனக்குத்தான் பொறுமை இருக்கிறது, நீயே பார்" என்றார். அன்று பிடித்த வேலையை நான் இன்னும் விடவில்லை. பலெர்மோவில் எங்கள் ஈழத்தமிழ் ஆட்கள் எண்பதுகளில் இருந்தே இருக்கிறார்கள். பிள்ளைகள் இங்கேயே வளர்ந்து இங்கேயே சம்பந்தமும் செய்கிறார்கள். ரொறன்ரோவிலும் மெல்பேர்னிலும் இப்படித்தான். ஒரு பேரப்பிள்ளைக்கு அப்பா வழியில் யாழ்ப்பாணமும் அம்மா வழியில் கலாப்ரியாவும் இருந்தால் இரண்டு பக்கமும் தெரிந்து வளரட்டும் என்று நினைப்பவள் நான்.

ஊரைக் கண்டுபிடிக்கும் வேலை பெரும்பாலும் இத்தாலிக்கு வெளியேதான் நடக்கும். அமெரிக்காவுக்குப் போனவர் என்றால் கப்பல் பயணிகள் பட்டியலைப் பாருங்கள். நியூயோர்க்கில் குடியேறிகள் வந்து இறங்கிய எல்லிஸ் தீவு நிலையம் 1892இல் திறந்தது. அதன் பதிவுகளை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். 1907க்குப் பிறகு வந்த பட்டியல்களில் பிறந்த ஊரும், ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவின் பெயரும் இருக்கும். அந்தப் பட்டியல் கப்பல் புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதப்பட்டது. எல்லிஸ் தீவு அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்று பல வீடுகளில் சொல்லுவார்கள், அது நடந்ததே இல்லை. பெயர் மாறியதெல்லாம் பிறகு, பள்ளியிலும் வேலையிடத்திலும். ஆகவே பட்டியலில் இத்தாலிய எழுத்தின்படியே தேடுங்கள். 1906 செப்டம்பருக்குப் பிந்திய அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பங்களிலும் பிறந்த இடம் உண்டு. ஆர்ஜென்டினாவுக்குப் போனவர் என்றால் புவனஸ் அயர்ஸில் உள்ள செம்லா நிலையத்தின் பட்டியலைப் பாருங்கள்.

"பலெர்மோ" என்று எழுதியிருந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். மாகாணமாக இருக்கலாம், ஏறிய துறைமுகமாகவும் இருக்கலாம். சந்தேகமென்றால் அவர்கள் குடியேறிய இடத்தின் கல்லறையையும் கோயில் (கிறிஸ்தவ தேவாலயம்) திருவிழாவையும் பாருங்கள். குடிபெயர்ந்தவர்கள் தங்கள் ஊர்ப் புனிதரையும் கூடவே கொண்டுபோனார்கள், ஊர்ப் பெயரிலேயே உதவிச் சங்கம் நடத்தினார்கள். இறந்தவர் எந்தச் சங்கத்தில் இருந்தார் என்று மரண அறிவித்தலில் போட்டிருப்பார்கள். ஊர்ப் பெயர்களும் மாறியிருக்கின்றன. பழைய கடிதத்தில் ஜிர்ஜெந்தி என்றிருந்தால் அது 1927இல் அக்ரிஜெந்தோ ஆன ஊர். தெர்ரநோவா தி சிசிலியா அதே ஆண்டில் ஜேலா ஆனது.

சரி, ஊர் கிடைத்துவிட்டது. எந்த ஆண்டில் இருந்து பதிவு இருக்கும்? 1861இல்தான் இத்தாலி ஒரே அரசானது, அதற்கு முன் ஒவ்வோர் ஆட்சிக்கும் ஒவ்வொரு வழக்கம். தெற்கே நேப்பிள்ஸ் அரசின் தீவல்லாத பகுதியில் 1809இல் இருந்தும், சிசிலியில் 1820இல் இருந்தும் அரசுப் பதிவு விடாமல் தொடர்கிறது. வடக்கில் நெப்போலியன் காலத்தில் சில ஆண்டுகள் பதிந்தார்கள், அவன் வீழ்ந்ததும் பெரும்பாலான இடங்களில் விட்டுவிட்டார்கள். பிறகு 1866இல் திரும்பத் தொடங்கியது. வெனிசைச் சுற்றிய வெனெத்தோவிலும் ரோமிலும் 1871இல். அதனால் தெற்கத்தி ஏழைக் கூலியின் குடும்பத்தை இருநூறு ஆண்டுகள் பின்னால் கொண்டுபோவது வடக்கைவிட எளிது. வடக்கில் இடைப்பட்ட காலத்துக்குக் கோயில் ஏடுகள்தான் கதி.

பதிவேடு இரண்டு படிகளாக எழுதப்பட்டது. ஒன்று கொமூனேயில் தங்கும். மற்றது நீதிமன்றத்துக்குப் போய், எழுபது ஆண்டு கழிந்ததும் அரசு ஆவணக்காப்பகத்துக்கு வரும். அந்த இரண்டாம் படியைத்தான் படமெடுத்து "அந்தெனாத்தி" என்ற அரசுத் தளத்தில் போட்டிருக்கிறார்கள். காசில்லை. எல்லா ஊரும் இன்னும் ஏறவில்லை. அங்கே இல்லாதது ஃபேமிலிசேர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இருக்கக்கூடும். அந்தெனாத்தியில் பெயரைத் தட்டித் தேடும் வசதி சில ஊர்களுக்கு மட்டும்தான். மற்ற ஊர்களுக்கு ஆவணக்காப்பகம், ஊர், பதிவு வகை, ஆண்டு என்று படிப்படியாக இறங்குங்கள். சிசிலிக்கு 1820 முதல் 1865 வரை "ரெஸ்தௌராத்சியோனே" என்ற தலைப்பில் கிடக்கும், 1866க்குப் பிறகு "இத்தாலியானோ". ஒவ்வோர் ஆண்டின் கடைசிப் பக்கங்களில் அட்டவணை உண்டு. சில ஏடுகளில் குடும்பப் பெயரை விட்டுவிட்டுச் சொந்தப் பெயரின் எழுத்து வரிசையில் எழுதியிருப்பார்கள், கவனம். பத்தாண்டு அட்டவணை கிடைத்தால் அதிலிருந்தே தொடங்குங்கள்.

வாசிக்க இத்தாலியன் முழுவதும் தெரிய வேண்டாம். படிவம் அச்சிட்டது, கையால் நிரப்பிய இடங்களைப் பழகினால் போதும். ஆண்டும் தேதியும் எழுத்தால் எழுதப்பட்டிருக்கும், ஆகவே எண்களின் இத்தாலியப் பெயரை முதல் நாளே ஒரு கொப்பியில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். மாதத்தை 7bre என்று சுருக்கியிருந்தால் அது செப்டம்பர், யூலை இல்லை. 8bre ஒக்டோபர், 9bre நவம்பர். பெண்கள் இறக்கும்வரை பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதியப்படுவார்கள், இது பெரிய உதவி. இன்னும் ஒன்று: ஒருவரின் பெயரை அடுத்து வரும் அவருடைய தந்தை பெயருக்கு முன் "தி" என்றிருந்தால் அந்தத் தந்தை உயிரோடு இருக்கிறார், "ஃபு" என்றிருந்தால் இறந்துவிட்டார். மூத்த பிள்ளையின் பதிவில் அப்பாவின் பெயரோடு "தி அந்தோனியோ", ஆறு ஆண்டு கழித்துப் பிறந்த பிள்ளையின் பதிவில் "ஃபு அந்தோனியோ" என்றால், அப்பப்பா அந்தோனியோவின் மரணப் பதிவை அந்த ஆறு ஆண்டுக்குள் தேடினால் போதும்.

எங்கள் வீட்டு ஏடு ஒன்றைச் சொல்கிறேன். 1840களின் ஒரு பிறப்புப் பதிவு. பக்கம் நெடுக்காக இரண்டாகப் பிரிந்திருக்கிறது. இடப்பக்கம், தந்தை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து ஊர்த் தலைவரிடம் காட்டியது: அவர் வயது, தொழில், குடியிருந்த தெரு, தாயின் பெயர், பிறந்த மணி, இரண்டு சாட்சிகள். வலப்பக்கம், எந்தக் கோயிலில் என்றைக்கு ஞானஸ்நானம் என்று பங்குச்சாமி திருப்பி அனுப்பிய குறிப்பு. கீழே ஊர்த் தலைவரின் கையொப்பம் மட்டும் இருக்கிறது. தந்தையும் சாட்சிகளும் எழுதத் தெரியாது என்று சொன்னதாக எழுத்தர் குறித்திருக்கிறார். அரண்மனைப் பக்கம் எட்டிப் பார்த்திராத ஒரு மீனவர். அவர் சொன்னதை ஒருவர் உட்கார்ந்து வரி வரியாக எழுதி வைத்திருக்கிறார். எனக்கு அந்தப் பக்கத்தை மூட மனமே வரவில்லை.

அந்தப் பிள்ளையின் பெயர் சால்வத்தோரே. இரண்டு ஆண்டு கழித்து அதே பெற்றோருக்கு இன்னொரு சால்வத்தோரே பிறந்திருக்கிறான். முதல் மகனுக்கு அப்பப்பாவின் பெயர், இரண்டாமவனுக்கு அம்மப்பாவின் பெயர், மகள்களுக்குப் பாட்டிமார் பெயர் என்பது இங்கத்தைய பழைய முறை, எங்களுக்கும் புதிதில்லை. பிள்ளை செத்துப்போனால் அடுத்து வருகிற பிள்ளைக்கு அதே பெயர் வைப்பார்கள். ஆகவே ஒரு பிறப்புப் பதிவு கிடைத்ததும் அடுத்த சில ஆண்டுகளின் மரண ஏட்டையும் புரட்டுங்கள். செத்துப்போன குழந்தையின் பிறந்தநாளைப் பூட்டனுக்குக் கொடுத்துவிட்டால் மேலே போகிற கணக்கெல்லாம் பிசகும்.

இப்போது கலியாணக் கட்டு. இதைப் பார்க்காமல் யாரும் தேடலை முடிக்கக் கூடாது. தளத்தில் "ப்ரொச்செஸ்ஸெத்தி" அல்லது "அல்லெகாத்தி" என்று போட்டிருக்கும். ஒரு சோடி கலியாணம் செய்ய வந்தபோது கொடுத்த பத்திரங்கள் அத்தனையும் சேர்ந்த கட்டு அது. மாப்பிள்ளை, பெண் இருவரின் பிறப்புச் சான்று அதில் இருக்கும். தந்தையின் சம்மதம் வேண்டிய காலம் என்பதால், தந்தை இறந்திருந்தால் அவருடைய மரணச் சான்று. அவருக்கு அடுத்தபடி சம்மதம் தர வேண்டிய அப்பப்பாவும் இல்லையென்றால் அவருடைய மரணச் சான்றும் வரும். ஆக ஒரே கட்டில் மூன்று தலைமுறை. 1830இல் கலியாணம் செய்தவர் 1820க்கு முன் பிறந்தவர்தானே, அவருக்கு அரசுப் பதிவு இல்லை. அதனால் கோயில் ஏட்டில் இருந்து எடுத்த ஞானஸ்நானச் சான்றை வைத்திருப்பார்கள். கோயில் கதவைத் தட்டாமலேயே பதினெட்டாம் நூற்றாண்டுக்குள் போய்விடலாம்.

1866க்குப் பிறகு ஒரு சிக்கல். அரசுக் கலியாணம் தனி, கோயில் கலியாணம் தனி. அரசும் திருச்சபையும் செய்துகொண்ட 1929 உடன்படிக்கைவரை கோயிலில் மட்டும் மாலை மாற்றியவர்களை அரசு தம்பதியராக எண்ணவில்லை. அவர்களுக்குப் பிறந்த பிள்ளையின் பதிவில் தாய் இருக்க வேண்டிய இடத்தில் "பெயர் சொல்ல விரும்பாத பெண்" என்று நிற்கும். ஊரறியக் கோயிலில் கலியாணம் முடித்த பெண் அவள். அவசரப்பட்டு எதையும் முடிவு கட்டாமல் பங்குக் கோயிலின் கலியாண ஏட்டைக் கேளுங்கள். கைவிடப்பட்ட குழந்தைகளின் கதை வேறு. எஸ்போசித்தோ என்ற குடும்பப் பெயர் பெரும்பாலும் அங்கிருந்து வருவது. நேப்பிள்ஸின் அன்னுன்சியாத்தா, பிளாரன்சின் இன்னொச்செந்தி என்ற இல்லங்களில் அப்படிப்பட்ட பிள்ளைகளின் ஏடுகளைக் காத்து வைத்திருக்கிறார்கள்.

ஆண்களுக்கு இராணுவ ஆட்சேர்ப்புப் பட்டியல் இருக்கிறது, "லிஸ்தே தி லேவா". பிறந்த ஆண்டு வாரியாக ஊரின் எல்லா ஆண்களும் வருவார்கள். உயரம், முடியின் நிறம், தொழில், எழுத வாசிக்கத் தெரியுமா என்பதெல்லாம் அதில் இருக்கும். புகைப்படம் இல்லாத பூட்டனுக்கு முகம் கிடைப்பது இங்கேதான். சிசிலியில், இத்தாலி ஒன்றாகும் முன் ஆண்ட பூர்போன் அரசர் காலத்தில் கட்டாய இராணுவ சேவை கிடையாது, ஆகவே 1840களில் பிறந்தவர்களில் இருந்து தேடுங்கள். கடல் கடந்து போய், அழைப்புக்கு வராதவரின் பெயருக்கு எதிரே "ரெனிதெந்தே" (அழைப்புக்கு வராதவர்) என்று எழுதியிருப்பார்கள்.

தளத்தில் இல்லாத பதிவுக்குக் கொமூனேயின் குடிசார் பதிவு அலுவலகத்துக்கு இத்தாலியனில் சுருக்கமாக எழுதுங்கள். ஒரு மடலில் ஒரு ஆள். பெயர், தேதி, பெற்றோர் பெயர் தெரிந்தவரை கொடுங்கள். சின்ன ஊரில் ஒரே அலுவலர்தான் எல்லா வேலையும் பார்ப்பார், குடும்ப வரலாறு முழுவதையும் எழுதினால் உங்கள் மடல் அடியில் போய்விடும். நூறு ஆண்டு கடந்த, வேறொருவர் பற்றிய சான்றுக்கு 300 யூரோ வரை வாங்க 2025இல் இருந்து கொமூனேக்களுக்கு அனுமதி உண்டு. அதனால் படத்தைத் தளத்தில் பார்த்து உறுதி செய்த பிறகு, தேவையென்றால் மட்டும் சான்று கேளுங்கள். குடியுரிமைக்காகத் தேடுகிறவர்களுக்கும் ஒரு சொல்: 2025இல் சட்டம் இறுகிவிட்டது. வெளிநாட்டில் பிறந்து வேறு குடியுரிமை வைத்திருப்பவருக்குப் பொதுவாகப் பெற்றோர் அல்லது பாட்டன் பாட்டி தலைமுறைக்கு மேல் செல்லாது. பூட்டனை வைத்து வழக்கறிஞருக்குப் பணம் கொடுக்கும் முன் இதைக் கேட்டுத் தெளியுங்கள்.

கோயில் ஏடுகள் லத்தீனில் இருக்கும். 1563இல் கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து சங்கம் இட்ட கட்டளையால் பல ஊர்களில் பதினாறாம் நூற்றாண்டுவரை போகும். மறைமாவட்ட ஆவணக்காப்பகத்தில் சேர்த்துவிட்டார்களா, பங்கிலேயே இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பங்கில் இருந்தால் சாமியாருக்கு முன்கூட்டியே எழுதி, ஞாயிறு தவிர்த்த நாளில் போய், வரும்போது கோயிலுக்கு ஏதாவது காணிக்கை போடுங்கள். சிசிலிக்காரருக்கு இன்னொரு செல்வம் "ரிவேலி": வீட்டுத் தலைவர், பிள்ளைகள், வீடு, மாடு, கடன் என்று குடும்பம் குடும்பமாக எழுதிய பழைய கணக்கெடுப்பு. பலெர்மோ அரசு ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. படமெடுத்தது குறைவு, நேரில்தான் பார்க்க வேண்டும்.

வருவதென்றால் ஓகஸ்டை விட்டுவிடுங்கள். பதினைந்தாம் தேதி மாதா பெருநாளைச் சுற்றி அலுவலகங்களில் ஆளே இருக்காது. ஊர்ப் புனிதரின் நாளிலும் கொமூனே பூட்டியிருக்கும், அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டு விமானச் சீட்டு எடுங்கள். வாசிப்பறைக்குக் கடவுச்சீட்டு, பென்சில், பார்க்க வேண்டிய ஏடுகளின் எண்கள் மூன்றும் கையில் இருக்கட்டும்.