மலையில் கோல்ஃப்: டிரைவருக்கு ஏற்ற லாஃப்ட்டும் ஷாஃப்ட்டும் தேர்ந்தெடுப்பது எப்படி?

கொடைக்கானலில் புதிதாக கோல்ஃப் பழகுபவர்களின் பையில் இருக்கும் டிரைவர் (முதல் அடிக்கான நீளமான கிளப், அதாவது மட்டை) பெரும்பாலும் கை மாறி வந்ததாகத்தான் இருக்கும். மாமா கொடுத்தது, ஊரை விட்டுப் போன யாரோ தள்ளிவிட்டது, இப்படி. ஹெட்டில் 9 என்று பொறித்திருக்கும், அது லாஃப்ட், அதாவது முகம் சாய்ந்திருக்கும் டிகிரி. ஷாஃப்ட்டில், அதாவது தண்டில், எஸ் என்று இருக்கும், அது விறைப்பு. அதை வைத்துக்கொண்டு, பந்து ஏன் வலப்பக்கச் சோலைக்குள்ளேயே போகிறது என்று மாதக்கணக்கில் ஸ்விங்கை மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஸ்விங்கில் கோளாறு இருக்கலாம். ஆனால் கிளப்பையும் ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

கிரிப் பிடிப்பது, நிற்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எல்லாமே வலக்கைக்காரர்களுக்கு.

படி 1: பந்து எங்கே படுகிறது என்று பாருங்கள்

கடைக்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள். ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தில் பட்டாணி அளவுக்கு ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி கிளப் முகத்தைப் பார்க்கிற மாதிரி டீயில் (பந்தைத் தாங்கும் சிறு முளை) வையுங்கள். அடித்ததும் மை முகத்தில் ஒட்டியிருக்கும். காலையில் புல்வெளியில் பனி இருந்தால் மை இழுவிவிடும், முகத்தைத் துடைத்துவிட்டு அடியுங்கள். டால்கம் பவுடர் பூசிப் பார்ப்பவர்களும் உண்டு. நம் ஊர் ஈரத்தில் அது பசையாகிவிடுகிறது. எனக்கு மார்க்கர்தான்.

டீ உயரம்: பந்தில் பாதி, டிரைவரின் மேல் விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும்.

பத்துப் பந்துகள் போதும். குறிகள் நுனிப்பக்கம் இருந்தால் பந்து இடப்பக்கம் வளையப் பார்க்கும், ஷாஃப்ட் சேரும் கழுத்துப்பக்கம் இருந்தால் வலப்பக்கம். முகத்தின் கீழே பட்டால் பந்து தாழ்வாகக் கிளம்பி அதிகம் சுழலும். குறிகள் முகம் முழுக்கச் சிதறிக்கிடந்தால் நேராகப் படி 5-க்குப் போங்கள். உங்கள் பிரச்சினை லாஃப்ட் இல்லை, நீளம்.

படி 2: லாஃப்ட்

தொடக்கநிலை ஆண்களுக்கு 10.5 டிகிரி, ஸ்விங் வேகம் குறைவென்றால் 12. பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் 12 அல்லது அதற்கு மேல். 9 டிகிரியை ஆசைப்பட்டு வாங்காதீர்கள்.

லாஃப்ட் கூடினால் பந்து பின்னோக்கிச் சுழல்வது கூடும். முகம் கொஞ்சம் திறந்திருந்தாலும் சுழலும் அச்சு குறைவாகவே சாயும், அதனால் வளைவும் குறையும். டிரைவரை விட, லாஃப்ட் கூடிய 3 வுட் என்ற கிளப்பில் பந்து நேராகப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மலைக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கொடைக்கானல் ஏறக்குறைய 7000 அடி, ஊட்டி அதற்கும் மேல், குன்னூர் பக்கத்து வெலிங்டன் 6000 அடிக்குப் பக்கம். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று பந்தைத் தடுப்பது குறைகிறது, சரி. ஆனால் சுழலும் பந்தைத் தூக்கிப் பிடிப்பதும் அதே காற்றுதானே? அந்தத் தூக்கலும் குறைகிறது. லாஃப்ட் குறைந்த டிரைவரில் மெதுவாக அடிப்பவரின் பந்து எழும்பாமலே விழுந்துவிடும். பிப்ரவரியில் தரை காய்ந்து கிடக்கும்போது அது உருண்டு போய் மானத்தைக் காப்பாற்றும். ஐப்பசி மழையில் விழுந்த இடத்திலேயே புதைந்து நிற்கும்.

பக்கவாட்டு வளைவும் மலையில் குறைவாகவே தெரியும். இங்கே ஃபேர்வே (புல் வெட்டிய ஆட்டப் பாதை) ஓரத்தில் நிற்கும் ஸ்லைஸ், அதாவது வலப்பக்கம் வளையும் அடி, கோயம்புத்தூரிலோ சென்னையிலோ வேலி தாண்டிவிடும். சமவெளியிலும் ஆடுகிறவர் என்றால் அங்கே அடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

படி 3: கழுத்தில் இருக்கும் ஸ்லீவ்

எனக்கு வெகுநாள் பிடிபடாமல் இருந்தது இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இப்போது வரும் டிரைவர்கள் பலவற்றில் ஹெட்டும் ஷாஃப்ட்டும் சேரும் இடத்தில் ஒரு ஸ்லீவ் உண்டு. ஹெட்டின் அடியில் உள்ள திருகைக் கழற்றி, ஸ்லீவைத் திருப்பி, +1 அல்லது -1 குறியில் வைத்து மறுபடி முடுக்கலாம்.

+1 வைத்தால் பந்து உயரமாகப் போகும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். சிலருக்கு உயரம் துளியும் மாறாது, பந்து இடப்பக்கம் மட்டும் போகும். காரணம், ஸ்லீவ் முகத்தைத் தொடுவதே இல்லை. முகத்தின் சாய்வு ஆலையில் செய்தபடியேதான் இருக்கிறது. மாறுவது ஷாஃப்ட் ஹெட்டுக்குள் நுழையும் கோணம். +1 வைத்துவிட்டு டிரைவரைத் தரையில் அதன் போக்கில் உட்கார வையுங்கள், முகம் இடப்பக்கம் லேசாக மூடியிருப்பது கண்ணுக்கே தெரியும். அதைக் கையால் திருப்பி இலக்குக்கு நேராகப் பிடித்தால்தான் லாஃப்ட் கூடுகிறது. திருப்பாமல் அப்படியே அடித்தால் மூடிய முகம்தான் கிடைக்கும். -1 வைத்தால் எல்லாம் தலைகீழ்: முகம் திறக்கும்.

ஆக, ஸ்லைஸ் அடிப்பவர் +1 வைத்து, முகத்தைத் திருத்தாமல் அப்படியே அடிக்கலாம், உதவும். ஏற்கெனவே ஹூக் (இடப்பக்கம் வளையும் அடி) அடிப்பவர் உயரம் வேண்டும் என்று +1 வைத்தால், கட்டாயம் முகத்தை நேராக்கிப் பிடிக்க வேண்டும். அது கைக்கு வராதவர் ஸ்லீவைத் தொடாமல் 12 டிகிரி ஹெட்டே வாங்கிக்கொள்வது மேல்.

முடுக்கும்போது அதற்கென்றே வரும் ரெஞ்சில் 'டக்' என்று சத்தம் வரும்வரை முடுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். சைக்கிள் கடைச் சாவியெல்லாம் போட்டுத் திருகினால் திருகின் தலை வழுக்கிவிடும். இன்னொன்று, ஆட்டம் தொடங்கிவிட்டால் முடியும்வரை இந்த அமைப்பை மாற்றுவது விதிப்படி கூடாது.

படி 4: ஷாஃப்ட்டின் ஃப்ளெக்ஸும் எடையும்

ஃப்ளெக்ஸ், அதாவது ஷாஃப்ட் வளைந்து கொடுக்கும் தன்மை, எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று மென்மையிலிருந்து விறைப்புக்குப் போகும். இதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ரெடிமேட் சட்டை மாதிரிதான், ஒரு கம்பெனியின் ஆர் இன்னொரு கம்பெனியின் எஸ் அளவுக்கு விறைப்பாக இருக்கும். எழுத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

வேகம் அளக்கும் கருவி கிடைத்தால் சரி: மணிக்கு 75 முதல் 85 மைல் வேகத்துக்கு ஏ, 85 முதல் 95 வரை ஆர், அதற்கு மேல் எஸ். கருவி இல்லாதவர்கள் பந்து காற்றில் போகும் தூரத்தை வைத்துத் தேடுவார்கள். 200 முதல் 240 யார்டு வரை ஆர், அதற்குக் கீழே ஏ என்று அட்டவணைகள் சொல்லும். நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான். இந்த அட்டவணைகள் மலைக்குப் போட்டவை அல்ல. 1000 அடி ஏறினால் தூரம் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் கூடும் என்பது ஒரு தோராயக் கணக்கு. கொடைக்கானலில் அது 8 சதவீதம் வரும். இங்கே 210 யார்டு அடிப்பவர் உண்மையில் 195 யார்டுக்காரர், ஆர் என்று நினைத்தவருக்கு ஏ-தான் பொருந்தும். சமதளமான ஹோலில் அளந்து பாருங்கள். பள்ளத்தைப் பார்த்து அடித்த தூரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

விறைப்பு அதிகமானால் பந்து தாழ்வாக, வலப்பக்கம் போகப் பார்க்கும். மென்மை அதிகமானால் உயரமாக, இடப்பக்கம். பெரும்பாலும் அப்படி, எல்லோருக்கும் அல்ல.

ஃப்ளெக்ஸை விட எடை முக்கியம் என்பது என் கட்சி. 50 முதல் 60 கிராம் வரையுள்ள ஷாஃப்ட் பெரும்பாலோருக்குச் சரி. 40 கிராம் ஷாஃப்ட் வேகம் தரும், ஆனால் அவசரமாக வீசுகிறவருக்கு ஹெட் எங்கே வருகிறது என்றே தெரியாமல் போய்விடும்.

படி 5: நீளம்

கடையில் வரும் டிரைவர்கள் பெரும்பாலும் 45.5 அங்குலத்தை ஒட்டி இருக்கும். இரும்பு ஷாஃப்ட் காலத்தில் 43 அங்குலம்தான் வழக்கம். நீளம் கூடக்கூட நடுமுகத்தில் படுவது கஷ்டம்.

கிரிப்பை ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பிடித்து, மார்க்கர் சோதனையை மறுபடி செய்யுங்கள். குறிகள் ஒன்றுகூடி வந்தால் சில வாரங்கள் அப்படியே ஆடுங்கள். பிறகும் பிடித்திருந்தால் கிரிப் பக்கம் வெட்டலாம். ஹெட் சேரும் முனைப்பக்கம் வெட்டினால் ஷாஃப்ட் ரொம்ப விறைத்துவிடும். ஓர் அங்குலம் வெட்டினால் ஹெட்டின் கனம் கையில் தெரியாது, ஈயப் பட்டை 10, 12 கிராம் ஒட்டிச் சரிசெய்ய வேண்டும்.

பிற்சேர்க்கை

எந்த டிரைவர் வாங்கலாம் என்று பலர் கேட்டுவிட்டார்கள். பழையதுதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் பிங் ஜி425 மேக்ஸ் தேடுங்கள். நடுவில் படாத அடியையும் ஓரளவு தாங்கும், 12 டிகிரியிலும் கிடைக்கும்.

ஒருவர் வேறு கம்பெனி ஷாஃப்ட் வாங்கிவிட்டு ஹெட்டில் பொருந்தவில்லை என்று எழுதியிருந்தார். பொருந்தாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஸ்லீவ் வேறு, சில சமயம் ஒரே கம்பெனியின் பழைய மாடலுக்கும் புதியதற்கும்கூட வேறு. பழைய ஷாஃப்ட் வாங்கும்போது உங்கள் ஹெட்டைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.