யூஐ கிளாஸ்ல டிசைன் பேட்டர்ன் எப்படி சொல்லிக்குடுக்கறது

யூஐன்னா ஆப்லயும் வெப்சைட்லயும் யூஸர் பாக்கற, தொடற ஸ்கிரீன். அதுல திரும்பத் திரும்ப வர்ற ஒரு பிரச்சனைக்கு கைகண்ட தீர்வுதான் டிசைன் பேட்டர்ன். முதல் கிளாஸ்லயே டேப், கார்டு, பிரெட்கிரம், விசார்டுன்னு பேட்டர்ன் பேரையெல்லாம் ஸ்லைடுல வரிசையா காட்டாதீங்க. பசங்க அதை அப்படியே நோட்ல எழுதிக்கிட்டு, அசைன்மென்ட்ல எல்லாத்தையும் ஒரே ஸ்கிரீன்ல கொட்டி வெச்சிடுவாங்க. பிரச்சனையை முதல்ல குடுங்க, பேட்டர்ன் பேரு கடைசியா வரட்டும்.

ட்ரெயின் டிக்கெட் புக் பண்றதை எடுத்துக்கோங்க. ஊரு, தேதி, எந்த ட்ரெயின், யார் யார் போறாங்க, பணம். எல்லாத்தையும் ஒரே பக்கத்துல கேட்டா ஆளு மிரண்டுடுவாரு, பிரிச்சுப் பிரிச்சு கேட்டா இன்னும் எவ்ளோ இருக்குன்னே தெரியாது, பின்னாடி போனா அடிச்சதெல்லாம் போயிடுமோன்னு வேற பயம். இந்த இழுபறியை போர்டுல எழுதிப் போட்டுட்டு, லேப்டாப்பை மூட சொல்லிட்டு, பேப்பர்ல வரைய விடுங்க. பாதி பேராவது ஸ்டெப் ஸ்டெப்பா கேக்கற மாதிரி, மேல எத்தனாவது ஸ்டெப்புன்னு காட்டற மாதிரி வரைஞ்சிருப்பாங்க. அப்போ சொல்லுங்க, இதுக்குப் பேருதான் விசார்டுன்னு.

அடுத்து ஒவ்வொரு பேட்டர்னையும் அரைப்பக்கத்துல எழுத வைங்க: எந்த இடத்துல வருது, என்ன பிரச்சனை, எதுக்கும் எதுக்கும் இடிக்குது, என்ன தீர்வு, எங்க போடக்கூடாது. கடைசி கேள்விக்குத்தான் நான் பாதி மார்க் வைப்பேன். நாள் பூரா பில் போடற கவுன்டர்காரர்கிட்ட விசார்டைக் குடுத்தா திட்டுவாரு, அவருக்கு எல்லாம் ஒரே ஸ்கிரீன்ல வேணும். முடிவில்லாத ஸ்க்ரோல் ரீல்ஸுக்கு ஓகே, பஸ் டைமிங் தேடறவனுக்கு இம்சை.

பேட்டர்ன்ங்கற ஐடியா எங்கிருந்து வந்துச்சுன்னு கதையும் கொஞ்சம் சொல்லுங்க. கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் கட்டடக் கலைஞர், 1977ல அவரும் கூட இருந்தவங்களும் போட்ட புக்ல வீடு, ஊரு கட்டறதுக்கு 253 பேட்டர்ன், அதுல ஒண்ணு ஆறடி ஆழம்கூட இல்லாத பால்கனியை யாரும் பெருசா யூஸ் பண்ண மாட்டாங்கன்னு சொல்லுது. 1987ல சாஃப்ட்வேர்காரங்க கென்ட் பெக்கும் வார்ட் கன்னிங்ஹாமும் அந்த ஐடியாவை எடுத்து, வெறும் அஞ்சு பேட்டர்னை யூஸர்ங்க கையிலயே குடுத்து ஸ்மால்டாக்ங்கற புரோகிராமிங் மொழியில ஸ்கிரீனை டிசைன் பண்ண வெச்சாங்க. பேட்டர்ன்னா கோடிங் சமாச்சாரம்னு நெனைக்கற பசங்களுக்கு இது ஆச்சரியமா இருக்கும்.

கடைசி வாரம் டார்க் பேட்டர்ன், அதாவது யூஸரை ஏமாத்தறதுக்குன்னே பண்ற டிசைன். 2023ல நம்ம மத்திய அரசு விட்ட வழிகாட்டுதல்ல 13 வகை இருக்கு, கேக்காமலே கார்ட்ல ஐட்டம் சேக்கறதும் அதுல ஒண்ணு. அந்த லிஸ்ட்டைக் குடுத்து, அவங்கவங்க போன்லயே தேடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதே ஸ்கிரீனை நேர்மையா திரும்ப வரைஞ்சுட்டு வர சொல்லுங்க.