பழைய எஸ் கிளாஸ் காரை இனங்காண்பது எப்படி?

மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் எஸ் கிளாஸ் வரிசையைச் சேர்ந்த பழைய கார் ஒன்றைக் காணும்போது, அது எந்தத் தலைமுறை, எந்த ஆண்டு, எந்த இன்ஜின் என்பதைப் பெரும்பாலோர் டிக்கியின் மேலுள்ள எழுத்துகளை வைத்தே முடிவு செய்கிறார்கள். முதலில் கைவிட வேண்டியது அந்த வழக்கத்தைத்தான். அந்த எழுத்துகளை எவரும் கழற்றலாம், வேறொன்றை ஒட்டலாம். போதாக்குறைக்கு, எழுத்தே இல்லாமல் வேண்டும் என்று தொழிற்சாலையிடமே கேட்டு வாங்கியவர்களும் உண்டு. ஆகவே முதலில் உடலமைப்பையும், அடுத்து எழுத்துகளையும், கடைசியில் காரின் உடலில் பொறித்த அடையாள எண்ணான சேஸிஸ் எண்ணையும் பார்ப்பதே பாதுகாப்பான வரிசை.

காரின் முன்னால் நின்று முகப்பு விளக்குகளைப் பாருங்கள். ஐரோப்பியச் சந்தைக்கான காரில் அவை செங்குத்தாக நீண்டிருந்தால், 1972க்கு முந்தைய கார் என்று துணியலாம். பிறகு பின்பக்கம் செல்லுங்கள். பின்புறத் தகடுகள் மீன் துடுப்பைப் போல எழும்பியிருந்தால் அது 1959இல் அறிமுகமான, நிறுவனத்தின் உட்குறியீட்டில் டபிள்யூ 111 எனப்படும் குடும்பம். நிறுவனத்தின் பொறியாளர் பெலா பாரெனி 1951இல் காப்புரிமை கோரிய கருத்தின்படி, மோதலின்போது முன்பகுதியும் பின்பகுதியும் நசுங்கி, பயணிகள் அமரும் கூடு மட்டும் உறுதியாக நிற்கும் வகையில் கட்டப்பட்ட கார் இதுதான். அந்தத் துடுப்புகள் அமெரிக்க மோகத்தின் விளைவு என்பதை ஒப்புக்கொள்ள மனமில்லாத நிறுவனம், காரைப் பின்னோக்கி எடுக்கும்போது அதன் முடிவைக் காட்டும் அடையாளக் கோடுகள் என்று அவற்றுக்கு விளக்கம் சொன்னது. துடுப்புகள் மறைந்து, உடல் தாழ்ந்து, கண்ணாடிப் பரப்பு விரிந்திருந்தால் அது 1965 முதல் 1972 வரை வந்த டபிள்யூ 108 அல்லது 109. இவை இரண்டில் பின்னதற்குக் காற்று சஸ்பென்ஷன் உண்டு.

விளக்குகள் படுக்கைவாட்டில் அகன்று, திரும்பும் விளக்குகள் மூலையைச் சுற்றி வளைந்திருந்தால், 1972இல் வந்த டபிள்யூ 116 தலைமுறைக்கோ அதற்குப் பிந்தையதற்கோ வந்துவிட்டீர்கள். எஸ் கிளாஸ் என்ற பெயரே அதிகாரபூர்வமாக இந்தக் காருடன்தான் தொடங்குகிறது. முந்தையவற்றை அப்பெயரால் அழைப்பது நம் வசதிக்காக. அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட 116இல் மட்டும் பக்கத்துக்கு இரண்டாக வட்ட விளக்குகளும், பிற்காலத்தில் தடித்து நீண்ட பம்பர்களும் இருப்பதால், அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

116ஐயும் அதற்கு அடுத்த 126ஐயும் பிரித்தறிவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இரண்டிலும் பின்விளக்குகளின் மேற்பரப்பு வரிவரியாக மேடும் பள்ளமுமாக இருக்கும். சாலைச் சேறு மேடுகளில் படிந்தாலும் பள்ளங்கள் சுத்தமாக இருந்து விளக்கு தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆகவே பின்விளக்கு உதவாது, பம்பரைப் பாருங்கள். 116இல் அது குரோமியம் பூசிய உலோகம். 1979இல் வந்த 126இல் அது உடலோடு இழைந்த பிளாஸ்டிக். அதே பொருளாலான பட்டை கதவுகளின் கீழ்ப்பகுதியிலும் நீளமாக ஓடும். வடிவமைப்புத் தலைவர் புரூனோ சாக்கோவின் பெயரால் ரசிகர்கள் இன்றும் அதைச் சாக்கோ பலகை என்கிறார்கள். பட்டையில் வரிகள் இருந்தால் 1985க்கு முந்தைய கார், வழவழப்பாக இருந்தால் அந்த ஆண்டின் மாற்றங்களுக்குப் பிந்தைய கார். எட்டு லட்சத்துக்கும் அதிகமான செடான்கள் உருவான தலைமுறை என்பதால், உங்கள் கண்ணில் படக்கூடிய பழைய எஸ் கிளாஸ் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். இவ்வரிசையிலேயே அழகானது இதுதான் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் 116இன் பக்கம் நிற்பவர்களாக இருப்பார்கள்.

1991இல் ஜெனிவா கண்காட்சியில் வெளியான 140ஐ இனங்காண்பது எளிது. முந்தைய கார்களில் நிறுவனத்தின் சின்னமான நட்சத்திரம் கிரில்லின் சட்டத்தின் மேல் நிற்கும். இதில் கிரில் பானட்டுக்குள் அடங்கிவிட, நட்சத்திரம் பானட்டின் மேல் ஏறிவிட்டது. கதவுக் கண்ணாடியை விளிம்பில் உற்றுப் பார்த்தால் இடையில் காற்று அடைத்த இரட்டைக் கண்ணாடி என்பது தெரியும். தொடக்க காலக் கார்களில் ரிவர்ஸ் கியர் போட்டதும் பின் மூலைகளிலிருந்து இரண்டு சிறு கம்பிகள் எழும்பி நிற்கும். துடுப்புக்குச் சொன்ன விளக்கம் முப்பது ஆண்டுகள் கழித்து இப்படி உண்மையானது. 1998இல் வந்த 220 முதல் உருவம் மெலிந்து வளைந்துவிடுவதால், பழையவற்றோடு அதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை.

தலைமுறை தெரிந்த பின் டிக்கி எழுத்துகளுக்கு வாருங்கள். எண்ணைப் பத்தால் பெருக்கினால் இன்ஜினின் கொள்ளளவு கன சென்டிமீட்டரில் ஏறத்தாழக் கிடைக்கும். ‘எஸ்’ என்பது உயர் வரிசை. ‘இ’ என்பது கார்புரேட்டருக்கு மாறாக எரிபொருளைப் பீய்ச்சித் தரும் இன்ஜெக்ஷன் முறை. ‘எல்’ என்பது நீண்ட உடல். 116இல் இந்த நீட்சி 10 சென்டிமீட்டர், 126இல் 14 சென்டிமீட்டர். முழுவதும் பின்னிருக்கைக்காரருக்கே போவதால், பின்கதவின் நீளத்தைப் பார்த்தே ‘எல்’ உண்மையா என்று சொல்லிவிடலாம்.

எண் விதிக்கு விலக்குகள் உண்டு. விலை ஏறுவதும் அங்கேதான். 1968இல் வந்த 300 எஸ்இஎல் 6.3 காரில், நிறுவனத்தின் பொறியாளர் எரிக் வாக்சன்பெர்கரின் முயற்சியால், பிரம்மாண்டமான 600 காரின் எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின் பொருத்தப்பட்டது. 1975இல் வந்த 450 எஸ்இஎல் 6.9இன் இன்ஜின் 6,834 கன சென்டிமீட்டர். உருவானவை 7,380 கார்கள் மட்டுமே. இவ்விரண்டிலும் வலப்பக்கம் தனியே நிற்கும் அந்தச் சிற்றெண்ணைத் தவிர வெளியே ஆரவாரம் ஏதும் இல்லை என்பதால், போலி செய்ய நினைப்பவருக்கு ஒட்ட வேண்டியது அது ஒன்றுதான். எதிர்த்திசையிலும் ஒரு விலக்கு உண்டு: 560 எஸ்இஎல்லின் உண்மையான கொள்ளளவு 5,547 தான். 1993இல் எழுத்து முன்னுக்கு வந்து, 500 எஸ்இஎல் என்பது எஸ் 500 ஆனது. எனவே 140 தலைமுறைக் காரில் எழுத்தின் இடமே ஆண்டைச் சொல்லிவிடும்.

இறுதித் தீர்ப்பு சேஸிஸ் எண்ணுக்கு உரியது. ஐரோப்பிய 126இல் அது டபிள்யூடிபி (WDB) என்று தொடங்கும். அடுத்த மூன்று இலக்கங்கள் தலைமுறை, அதற்கடுத்த மூன்று உட்பிரிவு: 126 036 என்றால் 500 எஸ்இ, 126 037 என்றால் 500 எஸ்இஎல், 126 039 என்றால் 560 எஸ்இஎல். அதைத் தொடரும் ஒற்றை இலக்கம் 1 ஆனால் இடப்பக்க ஸ்டீயரிங், 2 ஆனால் இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளதுபோல் வலப்பக்க ஸ்டீயரிங். 6.9 என்று சொல்லி விற்கப்படும் காரின் எண்ணில் 116 036 இருந்தே தீர வேண்டும். 116 033 என்று இருந்தால் அது சாதாரண 450 எஸ்இஎல். பானட்டைத் திறந்து, தகட்டில் உள்ள எண், உடலில் பொறித்த எண், பதிவுப் புத்தகத்தில் உள்ள எண் ஆகிய மூன்றையும் இலக்கம் இலக்கமாக ஒப்பிட்ட பிறகே விலையைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள்.