ஆல்ப்ஸ் கணவாய்கள் வழியாக அட்ரியாட்டிக் கரைக்கு: கார்ப் பயணத்தைத் திட்டமிடும் முறை

ஐரோப்பாவில் மலைகளைக் கடந்து கடற்கரைக்குக் காரில் செல்ல விரும்புவோர் பெரும்பாலும் ஊர்களைப் பட்டியலிட்டு, விடுதிகளைப் பதிவு செய்துவிட்டு, அதன் பிறகே சாலைகளைப் பார்க்கிறார்கள். எந்தக் கணவாயை எந்த நாளில் கடப்பது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்பவே தங்கும் ஊர்களை அமைத்துக்கொள்வதுதான் சரியான வரிசை. விடுதியை மாற்றிக்கொள்ளலாம், பனி மூடிய கணவாயைத் திறக்க நம்மால் ஆகாது. ஜெர்மனியின் மியூனிக்கில் தொடங்கி, ஆஸ்திரியாவின் கிராஸ்குளோக்னர் மலைச்சாலையையும் ஸ்லோவேனியாவின் வெர்ஷிச் கணவாயையும் கடந்து, இத்தாலியின் திரியெஸ்தே வழியாக ஸ்லோவேனியக் கடற்கரை ஊரான பீரானை அடையும் வழியை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

1935இல் திறக்கப்பட்ட கிராஸ்குளோக்னர் மலைச்சாலை 48 கிலோமீட்டர் நீளமும் 36 கொண்டை ஊசி வளைவுகளும் கொண்டது. ஹோக்டோர் என்னுமிடத்தில் அது 2,504 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. பனியின் அளவைப் பொறுத்து ஏறக்குறைய மே தொடக்கம் முதல் நவம்பர் தொடக்கம் வரை மட்டுமே திறந்திருக்கும். அந்த மாதங்களிலும் இரவில் மூடப்படும். எனவே ஜூன் நடுப்பகுதி முதல் செப்டம்பர் இறுதி வரையுள்ள காலமே பாதுகாப்பானது. என்னைக் கேட்டால், பள்ளி விடுமுறைக் கூட்டம் குறைந்துவிடும் செப்டம்பரையே சொல்வேன். அந்த உயரத்தில் கோடையிலும் பனி விழக்கூடும் என்பதால், முதல் நாள் மாலையில் சாலை நிலவரத்தைப் பார்த்துவிட்டே மறுநாள் கிளம்ப வேண்டும். மூடியிருந்தால் மிட்டர்சில் அருகிலுள்ள ஃபெல்பர்டாவர்ன் சுரங்கப்பாதை வழியாக மலைக்குத் தெற்கே உள்ள லியென்ஸ் ஊரை அடையலாம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, ஆனால் ஆண்டு முழுவதும் செல்ல முடியும்.

மியூனிக்கிலிருந்து கூஃப்ஸ்டைன், செல் ஆம் சே வழியாக மலையடிவாரத்தை அடைந்து, முதல் இரவை அங்கே கழித்தால் காலையில் கூட்டத்துக்கு முன்பாகவே ஏறிவிடலாம். இந்தச் சாலைக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். பாஸ்டர்சே பனியாற்றைக் காண, ஃபிரான்ஸ் யோசஃப் பெயர் கொண்ட மேட்டுக்குப் பிரியும் கிளைச் சாலையைத் தவறவிட்டால் வந்ததில் பாதி வீண். இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வரக் கூடாது. தானியங்கி கியர் உள்ள காரிலும் கைமுறை நிலைக்கு மாற்றி, இரண்டாம் கியரில் இன்ஜினே வேகத்தைக் கட்டுப்படுத்துமாறு விட வேண்டும். கருகிய வாடை வந்தால், பார்வையிடத்தில் வண்டியை ஓரங்கட்டி, பிரேக் ஆறும் வரை காத்திருங்கள்.

ஹைலிகன்பிளுட்டில் இறங்கி, ஃபில்லாக் வந்த பிறகு ஸ்லோவேனியாவுக்குள் நுழைய இரண்டு வழிகள் உள்ளன. வுர்சன் கணவாய் குறுக்குவழி. ஆனால் அதன் சரிவு 18 சதவீதம் வரை செல்கிறது. குடும்பமும் பெட்டிகளும் நிறைந்த சிறிய காரில் செல்வோர், இத்தாலியின் டார்விசியோ வழியாகச் சுற்றி கிரான்ஸ்கா கோராவை அடைவதே நல்லது. அங்கிருந்து தொடங்குகிறது வெர்ஷிச். உயரம் 1,611 மீட்டர்தான் என்றாலும் 50 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அதன் எண்ணும் உயரமும் எழுதப்பட்ட பலகை நிற்கும். வடக்குப் பக்க வளைவுகள் கல் பாவியவை, மழையில் வழுக்குபவை. வடக்கிலிருந்து தெற்கே செல்லும் நம் வழியில் அவற்றில் ஏறத்தான் வேண்டும், இறங்க வேண்டியதில்லை என்பது ஒரு வசதி. முதல் உலகப்போரில் ரஷ்யப் போர்க்கைதிகளைக் கொண்டு அமைக்கப்பட்ட சாலை இது. 1916 மார்ச்சில் பனிச்சரிவில் இறந்தோரின் நினைவாக எழுந்த மரத்தேவாலயம் வழியிலேயே உள்ளது. வெர்ஷிச் மூடியிருந்தால் டார்விசியோவிலிருந்து பிரெடில் கணவாய் வழியாக, மறுபக்கத்தில் உள்ள போவெட்ஸ் ஊரை அடையலாம்.

நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் கவனம் மிகவும் தேவை. பழக்க தோஷத்தில் வண்டி எதிர்ப்பாதைக்குள் நுழைந்துவிடும்.

கணவாய்க்கு அப்பால் பச்சை நிற சோச்சா ஆறு கூடவே வரும். போவெட்ஸில் இரண்டு இரவுகள் தங்குவது நியாயமானது. கோபரிட்டில் முதல் உலகப்போர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1917இல் நடந்த கபொரெத்தோ போர் இவ்வூரின் இத்தாலியப் பெயரால்தான் அறியப்படுகிறது. பிறகு நோவா கோரிட்சாவில் எல்லை கடந்து திரியெஸ்தே.

இனி ஆவணங்கள். நான்கு நாடுகளும் பொது விசா கொண்ட ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் இருப்பதால் ஒரே விசா போதும். அதை அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் கேட்க வேண்டும், நாள்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டில். ஆகவே தங்கும் இரவுகளை நாடுவாரியாக எண்ணிய பிறகே விண்ணப்பியுங்கள். எல்லைகளில் தற்காலிகச் சோதனைகள் நடப்பதுண்டு. பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். இந்திய உரிமம் உள்ளவர்கள் ஊரிலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் மூலம் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைப் பெற்றுச் செல்ல வேண்டும். வாடகைக் கார் ஒப்பந்தத்தில் செல்லவிருக்கும் ஒவ்வொரு நாட்டின் பெயரையும் சொல்லி எழுத்தில் அனுமதி வாங்குங்கள். காரை வேறு நாட்டில் ஒப்படைத்தால் கட்டணம் கணிசமாக ஏறும் என்பதால் மியூனிக்குக்கே திரும்புவது சிக்கனம். எச்சரிக்கை முக்கோணம், ஒளிரும் மேற்சட்டை, முதலுதவிப் பெட்டி மூன்றும் வண்டியில் உள்ளனவா என்று எடுக்கும்போதே பாருங்கள்.

ஆஸ்திரியாவிலும் ஸ்லோவேனியாவிலும் நெடுஞ்சாலைகளில் செல்ல விக்னெட் எனப்படும் காலவாரிச் சாலைக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்த வேண்டும். இணையத்தில் வாங்கும்போது ஆஸ்திரியாவுக்கு அஸ்ஃபினாக், ஸ்லோவேனியாவுக்கு டார்ஸ் ஆகிய அரசு நிறுவனங்களின் தளங்களையே நாடுங்கள். தேடலில் முதலில் வரும் இடைத்தரகர் தளங்கள் கூடுதல் தொகை பிடிக்கும். பதிவெண்ணில் ஓர் எழுத்து தவறினாலும் அபராதம் வரக்கூடும் என்பதால், கார் கைக்கு வந்த பிறகு எண்ணைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். கிரான்ஸ்கா கோராவிலிருந்து நோவா கோரிட்சா வரையுள்ள மலைச்சாலைக்கு இது தேவையில்லை; கடற்கரைப் பக்கமும் திரும்பும் வழியிலும் தேவைப்படும். இத்தாலிய நகரங்களின் பழைய பகுதிகளுக்குள் அனுமதியற்ற வாகனங்களைக் கேமரா படம்பிடிக்கும். அபராதச் சீட்டு பல மாதம் கழித்து வீடு தேடி வரும்.

பீரானின் பழைய நகருக்குள் வெளியூர்க் கார்கள் செல்ல முடியாது. ஊருக்கு வெளியே உள்ள ஃபோர்னாச்சே வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டு உள்ளே செல்ல வேண்டும். எனவே ஓரிரவுக்குத் தேவையானதைத் தனிப் பையில் எடுத்து வையுங்கள்.

திரும்புவதற்கு லூப்லியானா, கரவாங்கன் சுரங்கம், ஃபில்லாக், சால்ஸ்பர்க் வழியாக நெடுஞ்சாலையிலேயே ஒரே நாளில் மியூனிக்கை அடையலாம். கரவாங்கன் சுரங்கத்துக்கும், அடுத்து வரும் காட்ஷ்பெர்க், டாவர்ன் சுரங்கங்கள் உள்ள பகுதிக்கும் விக்னெட்டுக்கு மேல் தனிக் கட்டணம் உண்டு. கோடைச் சனிக்கிழமைகளில் கரவாங்கன் வாயிலில் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்பதால், விமானம் பிடிக்க வேண்டியவர்கள் செவ்வாய் அல்லது புதனில் திரும்புமாறு அமைத்துக்கொள்ளலாம்.