ஹைட்ரா தீவுக்குப் போகிறவர்கள் துறைமுகத்திலிருந்து தொடங்குங்கள்

கிரீஸ் என்றாலே சாண்டோரினி, மைக்கோனோஸ் என்றுதான் எல்லோரும் டிக்கெட் போடுகிறார்கள். கப்பல், கடலோடிகள், பழைய துறைமுகம் இதெல்லாம் உங்களுக்குப் பிடிக்குமென்றால் ஏதென்ஸிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஹைட்ராவுக்குப் போங்கள். ஒரே நாளில் மூன்று தீவு காட்டும் சுற்றுலாக் கப்பலில் மட்டும் போகாதீர்கள். அதில் ஹைட்ராவுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு மணி நேரம்தான், கரையோரம் ஒரு காபி குடித்து நாலு போட்டோ எடுப்பதற்குள் திரும்பக் கூப்பிட்டுவிடுவார்கள். இரண்டு இரவாவது தங்குங்கள்.

விசா விஷயம் சுருக்கமாக. கிரீஸ் ஷெங்கன் நாடு, இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா கட்டாயம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடையில் போவதாக இருந்தால் சீக்கிரமே போட்டுவிடுங்கள்.

ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து நீல நிற மெட்ரோ நேராகப் பிரேயஸ் துறைமுகத்துக்கே போகிறது, நடுவில் மாற வேண்டியதில்லை. இரவில் இறங்குகிறவர்களுக்கு எக்ஸ்96 பேருந்து நாள் முழுக்க ஓடுகிறது. பிரேயஸ் பெரிய துறைமுகம், எந்த வாயில் என்று டிக்கெட்டில் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். ஹைட்ராவுக்கான விரைவுப் படகுகள் வழக்கமாக ஈ8, ஈ9 பக்கத்திலிருந்துதான் புறப்படும். காற்று பலமாக அடித்தால் இந்தச் சின்னப் படகுகளைத்தான் முதலில் நிறுத்துவார்கள், அதனால் திரும்பி வரும் அன்றே ஊருக்கு விமானம் பிடிக்கிற மாதிரி திட்டம் போடவே போடாதீர்கள். கிரீஸின் தெற்குத் தீபகற்பமான பெலப்பொனீஸ் பக்கம் கார் எடுத்துச் சுற்றுகிறவர்கள் மெட்டோகி என்ற இடத்தில் வண்டியை விட்டுவிட்டு எதிர்க்கரைக்குப் படகில் போய்விடலாம், அரை மணி நேரம்கூட ஆகாது.

வண்டியை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும், ஏனென்றால் ஹைட்ராவில் கார், பைக் எதுவும் கிடையாது, சைக்கிள்கூடக் கிடையாது. குப்பை வண்டி மாதிரி ஒன்றிரண்டுக்கு மட்டும் விதிவிலக்கு. படகை விட்டு இறங்கியதும் கரையில் கோவேறு கழுதைகள் வரிசையாக நிற்கும், முதுகில் மரச் சேணம், அதன் இரண்டு பக்கமும் கயிறு போட்டுக் கட்டின பெட்டிகள், சிமெண்ட் மூட்டை, தண்ணீர் பாட்டில் கட்டு, சில நேரம் ஒரு வாஷிங் மெஷின்கூட. ஊரில் ஒரு வீடு கட்டப்படுகிறதென்றால் அதன் ஒவ்வொரு செங்கல்லும் இப்படித்தான் மேலே ஏறுகிறது. உங்கள் பெட்டியையும் ஏற்றி அனுப்பலாம், கூலியை முன்பே பேசிக்கொள்ளுங்கள். சவாரிக்காக அதன் மேல் ஏறாதீர்கள் என்பது என் வேண்டுகோள், வெயிலில் அதற்கு இருக்கிற வேலையே போதும். அறை பதிவு செய்யும்போது துறைமுகத்திலிருந்து எத்தனை படி ஏற வேண்டும் என்று கேட்டுவிடுங்கள், இங்கே தூரத்தைவிட அதுதான் முக்கியம். படிக் கற்கள் நடந்து நடந்து வழுவழுவென்று ஆகிவிட்டன, பிடிப்புள்ள செருப்போ ஷூவோ வேண்டும்.

சரி, வந்தாயிற்று. கடைகளுக்குள் நுழைவதற்கு முன்னால் துறைமுகத்தின் கிழக்குப் பக்கம், படகு நிற்கிற இடத்துக்கு அருகிலேயே இருக்கும் வரலாற்று ஆவணக் காப்பக அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஊரை அதற்குப் பிறகு பார்த்தால்தான் புரியும். வெறும் பாறைத் தீவு இது, விவசாயத்துக்கு நிலம் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, கடலை விட்டால் வேறு பிழைப்பே கிடையாது. 1774இல் ரஷ்யாவும் துருக்கியும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகு கிரேக்கக் கப்பல்கள் ரஷ்யக் கொடியோடு கருங்கடல் வரை போய் வர முடிந்தது. நெப்போலியன் போர்க் காலத்தில் பிரிட்டன் கடலை அடைத்து வைத்திருந்தபோது, அந்த முற்றுகைக்குள் புகுந்து தானியம் கொண்டுபோய் விற்றுக் கொழுத்த லாபம் பார்த்தவர்கள் இந்த ஊர்க் கேப்டன்கள். லாபத்தில் மாலுமிகளுக்கும் பங்கு உண்டு, சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவனைவிடப் பங்குக்காரன் துணிந்து இறங்குவான் இல்லையா. வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையர்களுக்குப் பயந்து இந்த வணிகக் கப்பல்கள் பீரங்கியும் வைத்திருந்தன. அதனால்தான் 1821இல் துருக்கிய ஆட்சிக்கு எதிராகக் கிரேக்கர்கள் எழுந்தபோது ஹைட்ரா, ஸ்பெட்சஸ், ப்சாரா என்ற மூன்று சின்னத் தீவுகளின் சரக்குக் கப்பல்களே ஒரு கடற்படையாக மாற முடிந்தது.

அதுவும் சும்மா நடந்துவிடவில்லை. சொத்து வைத்திருந்த ஊர்ப் பெரியவர்கள் தயங்கினார்கள். கப்பலை இழந்து நின்ற அந்தோனியோஸ் இக்கோனோமூ என்ற கேப்டன் மாலுமிகளைத் திரட்டி ஊரைத் தன் கைக்குள் கொண்டுவந்த பிறகுதான் ஹைட்ரா போரில் இறங்கியது. அதே ஆண்டு முடிவதற்குள் அவரைக் கொன்றும் விட்டார்கள். மியாவுலிஸ், குண்டுரியோட்டிஸ் என்ற பெயர்கள் சிலைகளில் நிறைய இருக்கும், இக்கோனோமூவையும் மறக்காமல் நினைத்துக்கொள்ளுங்கள்.

அருங்காட்சியகத்தில் அவசரப்படாமல் பார்க்க வேண்டியவை, கப்பல்களின் முகப்பில் பொருத்தியிருந்த மரச் சிற்பங்கள், கப்பல் ஓவியங்கள், பிறகு தளபதி ஆந்த்ரேயாஸ் மியாவுலிஸின் பதப்படுத்தப்பட்ட இதயம் வைத்திருக்கும் பேழை. 1825இல் மெத்தோனி துறைமுகத்தில் தீக்கப்பல்களை அனுப்பி எதிரிக் கப்பல்களை எரித்தவர் அவர். தீக்கப்பல் என்பது எரிபொருள் நிரப்பிய பழைய கப்பல், அதை எதிரிக் கப்பலோடு மோதிக் கோத்துவிட்டு, பற்றவைத்து, கூட வந்தவர்கள் சிறு படகில் தப்பி வர வேண்டும். காற்று ஒரு நிமிடம் திரும்பினால் அவர்கள் கதி அவ்வளவுதான்.

அடுத்து எதிர்ப்பக்கம், மேற்குச் சரிவில் மஞ்சள் நிறத்தில் நிற்கும் லாசரோஸ் குண்டுரியோட்டிஸ் மாளிகை. தன் செல்வத்தில் பெரும் பகுதியைப் போருக்குக் கொடுத்தவர் இவர். வீடு இப்போது அருங்காட்சியகம், குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். இந்த ஊர்க் கேப்டன் வீடுகளை வெளியிலிருந்து பார்த்தால் கோட்டை மாதிரி கனமான சுவரும் சிக்கனமான முகப்பும்தான், செல்வமெல்லாம் உள்ளே. மழைத் தண்ணீர் சேர்க்கும் நிலத்தடித் தொட்டிகளையும் கேட்டுப் பாருங்கள், பல வீடுகளில் உண்டு. த்சாமாதோஸ் குடும்பத்தின் மாளிகையில் இன்றும் வணிகக் கப்பல் அதிகாரிகளுக்கான பள்ளி நடக்கிறது. உள்ளே விடாவிட்டாலும் வாசல் வரை போய்விட்டு வாருங்கள், இந்த ஊரின் தொழில் அருங்காட்சியகத்தோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு அந்தக் கட்டடம் ஒன்றே போதும்.

மாலையில் பீரங்கிகள் நிற்கும் மேற்கு முனையைத் தாண்டிக் கரையோரமாகக் காமினி வரை நடங்கள். இருபது நிமிடம் பிடிக்கும், மீன்பிடிப் படகுகள் கட்டிய சின்னத் துறை. மணல் கடற்கரையை எதிர்பார்த்துப் போகாதீர்கள், இங்கே பெரும்பாலும் பாறையிலிருந்துதான் கடலில் இறங்க வேண்டும், நீச்சல் தெரியாதவர்கள் கூழாங்கல் கரை உள்ள வ்லிகோஸ் வரை போவது நல்லது. காலில் தெம்பு இருந்தால் மறுநாள் விடியற்காலையில் தீர்க்கதரிசி எலியா மடாலயத்துக்கு ஏறலாம், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், தண்ணீர் கட்டாயம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். மசித்த ஃபாவா பருப்பு, பெரிய வெள்ளை மொச்சையை அடுப்பில் வேகவைத்த கிகாந்தெஸ், காய்கறி வேகவைத்த ப்ரியாம், இவை பல உணவகங்களில் உண்டு. 'நிஸ்தீசிமோ' என்றால் விரத உணவு, இறைச்சி, பால், முட்டை இருக்காது, ஆனால் கணவாய், இறால் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். கிளம்பும்போது ஊர் விசேஷமான பாதாம் இனிப்பு, அமிக்தலோதா, ஒரு பெட்டி வாங்குங்கள்.

எப்போது போகலாம் என்றால் மே, ஜூன், செப்டம்பர். ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் தாங்காது. ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டருக்கு முந்தைய வெள்ளிக்கிழமை இரவு காமினியில் இயேசுவின் பூப்பாடையைச் சுமந்துகொண்டு கடலுக்குள்ளேயே இறங்குவார்கள், நம் ஊர் நாள்காட்டி ஈஸ்டரோடு அந்தத் தேதி பல வருடம் ஒத்துப்போகாது, சரிபார்த்துப் பதிவு செய்யுங்கள். ஜூன் கடைசியில் மியாவுலியா திருவிழா, துறைமுகத்தில் ஒரு படகை எரித்து அந்தப் பழைய கடற்போரை நடித்துக் காட்டுவார்கள். அந்த வாரக் கடைசிக்கு அறையும் படகும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஏதென்ஸில் அரை நாள் மிச்சமிருந்தால் ஃபாலிரோ கடற்கரையில் நிற்கும் அவெரோஃப் என்ற பழைய போர்க்கப்பலையும் பார்த்துவிடுங்கள், இப்போது அது அருங்காட்சியகம். 1912-13 பால்கன் போரில் அதை நடத்திய தளபதி பாவ்லோஸ் குண்டுரியோட்டிஸ், மஞ்சள் மாளிகைக்காரரின் அதே குடும்பத்தவர், பின்னாளில் கிரேக்கக் குடியரசின் தலைவரானவர். மேல்தளம், மாலுமிகள் தூங்கிய கூடம், தளபதியின் அறை எல்லாவற்றையும் நடந்தே பார்க்கலாம், உள்ளே ஏணி மாதிரி செங்குத்தான படிகள் நிறைய, குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.