தோற்பாவை சுருளாமல் இருக்க

பாவைக்கு எடுக்கும் ஆட்டுத்தோல் மற்ற தோல்பொருள்போல் முழுதாகப் பதனிட்டதல்ல. காற்றின் ஈரப்பதம் ஏறி இறங்கினால் கை கால் ஓரம் சுருளும், சாயம் பொருக்குவிடும். 45–55 சதவீதத்தில் நிலையாக வையுங்கள். காட்சிக்கு வைக்கும்போது வெளிச்சம் 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது வெளிச்ச அலகு). பின்னால் விளக்கேற்றிக் காட்ட எல்லோருக்கும் ஆசைதான். சூடு பரப்பாத எல்இடி, அதுவும் ஆள் வரும்போது மட்டும்.

தூசிக்கு மென்தூரிகை போதும். துளை வேலைப்பாட்டின் விளிம்பில் மயிர் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி பட்டால் சாயம் கரையும். பளபளப்புக்கு எண்ணெய் தடவவே கூடாது: தூசி ஒட்டி, தோல் கறுத்து, ஒளி ஊடுருவாது.

இழுப்பறையில் தட்டையாக, அமிலமில்லாத தாள்மேல் கிடத்துங்கள். மூங்கில் குச்சி தூக்கி நிற்கும் இடத்தில் தாளைச் சுருட்டி முட்டுக்கொடுங்கள். இல்லாவிட்டால் கட்டிய முடிச்சருகில்தான் முதலில் கிழியும்.

குச்சியடியில் மாவுபோல் தூள் கண்டால் வண்டு. அந்தப் பாவையை உடனே தனியாகப் பிரித்து வையுங்கள்.